பைக் சீட்டும் பிளவுஸ் மாதிரிதான்: வீட்டிலேயே பிரித்துத் திருத்தும் முறை

நான் தையல்காரி. கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்குப் பக்கத்தில், வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு 22 வருஷமாகப் பிளவுஸும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைக்கிறேன். பைக் சீட்டில் கை வைப்பேன் என்று நானே நினைத்ததில்லை. எங்கள் வண்டிச் சீட்டைத் திருத்தியதைப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தில் ரெண்டு பேர் தங்கள் சீட்டைக் கழற்றித் திண்ணையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். “நீங்களே செய்யலாம்” என்று சொன்னால் எப்படி என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது 350 சிசி புல்லட். என் கொழுந்தன் வளைகுடாவிலிருந்து லீவில் வந்தபோது ஆசை ஆசையாக மாற்றியமைத்த வண்டி. திரும்பிப் போகும்போது, “மைனி, சும்மா நின்னா கெட்டுப்போவும், அண்ணன் ஓட்டட்டும்” என்று சாவியைத் தந்துவிட்டுப் போனான். அந்தச் சீட்டு எங்கேயோ சொல்லிச் செய்தது. அடியில் ஃபைபர் தட்டு, அதன்மேல் பலகை போல ஒரே மட்டமாக ஃபோம், காப்பிக்கொட்டை நிற ரெக்சின், மேலே முழுக்க டயமண்ட் தையல். பார்த்தால் ராஜா வீட்டு மெத்தை. உட்கார்ந்தால் பள்ளிக்கூடப் பெஞ்சு.

என் வீட்டுக்காரர் தேனீ வளர்க்கிறவர். மற்றவர்களின் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்திருக்கிறார். மாசி வாக்கில் ரப்பர் மரம் புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் தேன் சுரக்கும். பூவிலிருந்து வரும் தேன் என்று பலரும் நினைக்கிறார்கள், ரப்பரில் அதிகமும் இலையிலிருந்துதான். அந்தச் சமயத்தில் இவர் காலையில் ஏறினால் பேச்சிப்பாறை, திற்பரப்பு என்று மாலை வரை சீட்டிலேயே இருப்பார். அரை மணி நேரத்தில் மரத்துப்போகிறது என்றார். ஒரு மணி நேரத்தில் இறங்கி நிற்க வேண்டியிருந்தது. எனக்கு வேறு தொந்தரவு. பின்னால் உட்கார்ந்தால், பிரேக் போடும்போதெல்லாம் வழுக்கிப்போய் அவர் முதுகில் முட்டினேன்.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். கேட்டவர்கள் எல்லாரும் “பஞ்சு கூட வை” என்றார்கள். நானும் மெத்தைக் கடையில் மெத்தென்று இருந்த ஃபோமாகப் பார்த்து ரெண்டு அங்குலம் வாங்கி, சீட்டின் மேல் வைத்து உறை போட்டேன். முதல் பத்து நிமிஷம் சொர்க்கம். அதற்கப்புறம் முன்னைவிட மோசம். மெத்தென்ற ஃபோம் எடை தாங்காது. அமுங்கி அமுங்கிக் கடைசியில் அடித்தட்டு வரை போய்விடும். அப்போது உடம்பின் பாரம் எல்லாம் இடுப்பெலும்பின் ரெண்டு அடிமுனையிலும் வால் எலும்பிலும் இறங்கும். போதாததற்கு, சீட்டு உயர்ந்துபோனதால் சரிவில் வண்டியை நிறுத்தும்போது இவருக்குக் கால் ஊன்றவில்லை. ஒருநாள் தேன் கேனோடு சாயப் பார்த்தார். அன்றைக்கே அதைப் பிய்த்துப் போட்டேன்.

பிளவுஸ் சரியில்லை என்று ஒருத்தி வந்தால் அதன்மேல் இன்னொரு துணியையா தைப்பேன்? எங்கே பிடிக்கிறது என்று பார்த்து அந்த இடத்தைப் பிரிப்பேன். சீட்டும் அதேதான். அளவெடுக்காமல் கத்தியைத் தொடாதீர்கள்.

அளவு எடுக்க ஒரு கெட்டியான அட்டைப்பெட்டி போதும். உள்ளே வரிவரியாக இருக்கிற அட்டை வேண்டும். கடினமான பெஞ்சில் அதை விரித்து, மெல்லிய லுங்கியோ டிரவுசரோ போட்டுக்கொண்டு உட்காருங்கள். கால் தரையில் தொங்கக் கூடாது. ரெண்டு செங்கல்லின் மேல் வைத்து, முழங்கால் கொஞ்சம் உயர்ந்து, ஹேண்டிலைப் பிடிக்கிற மாதிரி லேசாக முன்னால் சாய்ந்து ரெண்டு நிமிஷம் அசையாமல் இருங்கள். எழுந்து பார்த்தால் அட்டையில் ரெண்டு குழி தெரியும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலால் தடவினால் தட்டுப்படும். ஒரு குழியின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை அளந்தால், அதுதான் உங்கள் எலும்பு அகலம். இவருக்கு 11.5 சென்டிமீட்டர், எனக்கு 13. பெண்களுக்குப் பொதுவாகக் கொஞ்சம் அகலம் கூடுதல். இந்த ரெண்டு புள்ளியும் சீட்டில் எங்கே விழுகிறதோ அங்கேதான் நல்ல தாங்குதல் வேண்டும். மற்ற இடமெல்லாம் ஒப்பனைக்கு.

அடுத்து, பக்கத்து வீட்டுக் கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வந்தேன். வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, சீட்டின் நீளவாக்கில் மட்டத்தை வைத்தால் குமிழி பின்பக்கம் ஓடியது. அதாவது சீட்டு முன்னால் சரிந்திருக்கிறது. (நடு ஸ்டாண்டில் வண்டி கொஞ்சம் முன்சாய்ந்து நிற்கும். பின்சீட்டில் ஒருவரை உட்கார வைத்து, வண்டியை நிமிர்த்திப் பிடித்தும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) அப்படிப் பார்த்தும் சரிவு இருந்தது. அதனால்தான் இவர் ஓயாமல் டாங்கியை நோக்கி வழுக்கிப்போய், உட்காரக் கூடாத இடத்தில் பாரத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். மரத்துப்போனதற்குக் காரணம் அதுதான். பஞ்சு குறைவு இல்லை.

ஆகவே எங்கள் சீட்டில் செய்ய வேண்டியது மூன்று. ஓட்டுகிறவர் உட்காரும் இடத்தைக் கொஞ்சம் குழித்து மட்டமாக்குவது, முன்பக்க விளிம்புகளைச் சீவி ஒடுக்குவது, பின்சீட்டை முன்னால் சரியாதபடி லேசாக உயர்த்துவது. உங்களுடையது வேறாக இருக்கலாம். வால் எலும்பு வலித்தால் குழி சரியான இடத்தில் இல்லாமல் இருக்கலாம். தொடையின் உட்பக்கம் வலித்தால் விளிம்பு கூர்மையாக இருக்கும். கால் எட்டவில்லை என்றால் உடனே உயரத்தைக் குறைக்கப் போகாதீர்கள். முன்பக்கம் ஒடுங்கினாலே கால் நேராக இறங்கி, தரை நன்றாக எட்டும்.

இனி பிரிப்பது. கழற்றும் முன் நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அடிப்பக்கம் உட்பட. பிறகு எந்த வாஷர் எங்கே இருந்தது என்று சண்டை வராது. அடித்தட்டு பெரும்பாலும் மூன்று வகை. கம்பெனிச் சீட்டில் பிளாஸ்டிக் தட்டு இருக்கும், ரெக்சினை ஸ்டேப்ளர் பின் போட்டு அடித்திருப்பார்கள். பழைய வண்டிகளில் இரும்புத் தட்டு, ஓரத்தில் பல் பல்லாக இருக்கும் தகட்டை மடக்கி ரெக்சினைக் கவ்வ வைத்திருக்கும். சொல்லிச் செய்த சீட்டுகளில் எங்களுடையது போல ஃபைபர் இருக்கும், பசையும் அங்கங்கே பாப் ரிவெட்டும் (துளையில் விட்டுக் கருவியால் இறுக்கும் ஆணி). பின்னைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பிக் குறட்டால் இழுக்கலாம். பல்லைப் பைய நிமிர்த்த வேண்டும், முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்துவிடும். ரிவெட்டின் தலையை டிரில்லால் தோண்டினால் கழன்றுவிடும். ஃபைபர் தூசி தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கை மூடிக்கொண்டு, முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள். பழைய ரெக்சினைக் கிழிக்காமல் எடுங்கள். அடிப்பக்கம் எவ்வளவு மடக்க வேண்டும் என்பதற்கு அதுதான் கணக்கு.

பிரித்ததும் ஒரு நாற்றம். ஃபோமைப் பிழிந்தால் அரை மக் தண்ணீர். இந்த ஊரில் ஜூனில் தொடங்கும் இடவப்பாதியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. டயமண்ட் தையலில் எத்தனை ஊசித்துளை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு துளையும் தண்ணீர் உறிஞ்சும் வாய்தான். உட்கார உட்காரத் தண்ணீர் உள்ளே போகும், வெளியேற வழி கிடையாது. கூடவே ஒரு எறும்புக் கூட்டம் குடும்பம் நடத்தியிருந்தது. ஃபோமை வெயிலில் காயப் போடக் கூடாது, மஞ்சளாகிப் பொடிந்துபோகும். நிழலில், காற்றோட்டமாக, நிறுத்திவைத்து மூன்று நாள் காய வைத்தேன். கையால் தேய்த்தால் மாவாக உதிர்கிற ஃபோமாக இருந்தால் வைத்திருக்க வேண்டாம், புதிதாகவே அடுக்கிவிடலாம்.

காய்கிற நேரத்தில் அடித்தட்டைப் பாருங்கள். விரிசல் இருக்கிறதா, அடியில் இருக்கும் ரப்பர்க் கட்டைகள் எல்லாம் இருக்கின்றனவா? அந்தக் கட்டை ஒன்று விழுந்துபோனாலும் தட்டு தனியாக வளைந்து நாளடைவில் உடையும். டயர் உரசிய தடம் இருந்தால் அது பெரிய விஷயம், முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். இரும்புத் தட்டானால் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ரப்பர் மூடி கட்டாயம். ஆள் உட்கார்ந்து தட்டு அமுங்கி அந்த முனையைத் தொட்டால் தீப்பொறி பறக்கும், பக்கத்திலேயே பெட்ரோல் டாங்கி. தட்டின் தாழ்ந்த இடத்தில் 6 மில்லிமீட்டரில் ரெண்டு ஓட்டை போட்டேன், எப்படியாவது தண்ணீர் புகுந்தாலும் வடியட்டும் என்று.

சாமான் வாங்கியதைச் சொல்கிறேன். ஃபோம் கடையில் டென்சிட்டி எத்தனை என்று கேட்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். 32, 40 என்பதெல்லாம் சோபாவுக்குப் போடுவது. வெட்டிய ஃபோம் துண்டுகளை நொறுக்கிச் சேர்த்து அழுத்திச் செய்தது ரீபாண்டட், பல நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும், அது நல்ல கெட்டி. எண் பெரிதானால் கடினமும் கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. கடையிலேயே துண்டைத் தரையில் போட்டு முழங்காலை வைத்து முழு எடையையும் அழுத்துங்கள். தரை தட்டினால் வேண்டாம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

நான் வாங்கியது: ரெக்சின் ஒரு மீட்டர் 420 ரூபாய், ஒரு அங்குல ரீபாண்டட் துண்டு 180, அரை அங்குலம் 40 டென்சிட்டி ஃபோம் 150, ஃபோமும் ரெக்சினும் ஒட்டுகிற ரப்பர் பசை 260, நைலான் நூல் 90, ரிவெட் 60. மொத்தம் 1,160. ரிவெட் அடிக்கிற கருவியை அலுமினிய ஜன்னல் வேலை செய்யும் பையனிடம் இரவல் வாங்கினேன். ரெக்சினில் சொரசொரப்பானதாக எடுங்கள். பளபளப்பு வழுக்கும். கறுப்பு நிறம் உச்சிவெயிலில் அரை மணி நின்றால் தோசைக்கல்தான், நான் மண் நிறம் எடுத்தேன்.

இதற்கு நடுவில் எங்கள் வீட்டு விஞ்ஞானி ஒரு யோசனை சொன்னார். தோட்டத்தில் ரப்பர்பால் சும்மா கிடைக்கிறதே, பசைக்கு எதற்குக் காசு, அதையே பூசினால் ஒட்டவும் செய்யும், தண்ணீரும் இறங்காது என்று. ஒரு துண்டில் பூசிப் பார்த்தோம். ரெண்டு நாளில் ஒட்டுப்பால் நாற்றம், வெயில் பட்டதும் பிசுபிசுவென்று கையோடு வந்தது. பதப்படுத்தாத பால் அப்படித்தான் இருக்கும். கடையில் வரும் லேடெக்ஸ் மெத்தையும் இதே பாலிலிருந்துதான் வருகிறது, ஆனால் அது கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பக்குவம் செய்தது. வீட்டில் நடக்காது.

வெட்டும் நாளில் ஃபோமை அடித்தட்டோடு வண்டியில் மாட்டி, இவரை உட்காரச் சொன்னேன். தோட்டத்துக்குப் போகிற உடுப்பிலேயே. டெய்லர் சாக்கால் இடுப்பின் பின்பக்கம், தொடை வெளிவிளிம்பு, முன்னால் முழங்கால் உரசும் இடம் எல்லாம் கோடு போட்டேன். அட்டையில் கிடைத்த 11.5 சென்டிமீட்டரை வைத்து எலும்புப் புள்ளி ரெண்டையும் குறித்தேன். அதைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் நாலு விரல் அகலம் மட்டமான இடம் இருக்க வேண்டும். நடுக்கோடு ஒன்று, முன்னிருந்து பின்வரை. இந்தக் கோடு இல்லாமல் வெட்டினால் சீட்டு ஒருபக்கமாகப் போய்விடும், பிளவுஸின் முன்பட்டி கோணுகிற மாதிரி.

வெட்ட ஆக்ஸா பிளேடு நல்லது. ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்து அறுத்தால் ஃபோம் இழுக்காமல் வரும். ஒரே அடியாக வெட்டாதீர்கள், அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராகச் சீவுங்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. வெட்டிய மேடு பள்ளத்தை, மரக்கட்டையில் 40-ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டித் தேய்த்து நிரவலாம். அண்ணன் மகன் கிரைண்டரில் சாண்டிங் டிஸ்க் போட்டுக்கொண்டு வந்து, “அத்தை, அஞ்சு நிமிஷம்” என்றான். அஞ்சு நிமிஷத்தில் முடித்தான்தான், கூடவே கோழிமுட்டை அளவுக்கு ஒரு குழியும் தோண்டிவிட்டான். அதை அடைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

ஓட்டுகிறவர் இடத்தில் ஒன்றரை அங்குலம் ஆழத்துக்குக் குழித்து எடுத்து, அந்த இடத்தில் ரீபாண்டட் துண்டை அதே வடிவத்தில் வெட்டி வைத்தேன். அதாவது அடியில் பழைய ஃபோம், நடுவில் கெட்டித் துண்டு, கடைசியில் முழுச் சீட்டுக்கும் மேலே அரை அங்குலம் 40 டென்சிட்டி. கெட்டி எடையைத் தாங்கும், மேலே இருப்பது உறுத்தலை எடுக்கும். எலும்புப் புள்ளிக்கு அடியில் எல்லாம் சேர்த்து ரெண்டு அங்குலமாவது மிச்சம் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் பழையபடி தட்டு இடிக்கும். பின்சீட்டில், முன்பக்கம் ஒரு விரல் தடிமனும் பின்னால் போகப் போகக் குறைந்து ஒன்றுமில்லாமலும் போகிற ஆப்பு ஒன்றை ஒட்டினேன். இனி வழுக்க மாட்டேன் என்று நம்பிக்கை.

பசை விஷயத்தில் அவசரம் ஆகாது. ரெண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத பக்குவம் வரை பத்துப் பதினைந்து நிமிஷம் விட்டு, அப்புறம் அழுத்த வேண்டும். ஈரத்தோடு அழுத்தினால் வழுக்கிக்கொண்டே இருக்கும். தொட்டால் தொட்டதுதான், நகர்த்த முடியாது, அதனால் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள். எலும்புப் புள்ளிக்கு நேராகப் பசையைக் கொட்டாதீர்கள், காய்ந்தால் அந்த இடம் கல்லாகிவிடும். பசையின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், தலையும் சுற்றும். அடுப்படியில் வேண்டவே வேண்டாம்.

இதற்குப் பிறகு செய்ததுதான் இந்த வேலையிலேயே புத்திசாலித்தனமான காரியம் என்று நினைக்கிறேன். உடனே ரெக்சின் போடவில்லை. ஃபோமின் மேல் ஒரு பாலித்தீன் தாளும், அதன்மேல் பழைய லுங்கியும் சுற்றி, டேப் ஒட்டி, ஒரு வாரம் அப்படியே ஓட்டச் சொன்னேன். பிளவுஸைக் கச்சாத் தையல் போட்டு உடுத்திப் பார்க்கிற மாதிரி. இவருக்கு வெட்கம். “பஞ்சாயத்து ஆபீசு முன்னால இத நிறுத்தவா?” என்றார். நிறுத்தினார். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் எங்கே வலித்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். ரெண்டாம் நாள் தொடை உட்பக்கம் உறுத்துகிறது என்றார், விளிம்பை இன்னும் உருட்டினேன். மூன்றாம் நாள் வலதுபக்கம் மட்டும் வலி. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் சீட்டு சரியாகத்தான் இருந்தது. அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு பார்த்தால், பின் பாக்கெட்டில் பர்ஸ். அதில் பணம் இல்லை, எல்லாம் துண்டுக் காகிதமும் ரசீதும். பர்ஸை எடுத்துச் சட்டைப்பையில் வைத்ததும் வலி போனது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ரெண்டு பேரும் நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரை போய்வந்தோம். நடுவில் இறங்கவில்லை. சரி, இனி உறை தைக்கலாம்.

மாதிரி எடுக்க, ஃபோமின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் பெயிண்ட் அடிப்பவர்கள் ஒட்டும் காகித டேப்பை இடைவெளி இல்லாமல் ஒட்டினேன். அதில் நடுக்கோடு, தையல் வரும் கோடு, அந்தக் கோட்டில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குக் கோடு. பிறகு கோட்டோடு வெட்டி எடுத்தால் சீட்டின் தோல் உரித்த மாதிரி வரும். தரையில் விரித்தால் எங்கே தட்டையாகப் படியவில்லையோ, அங்கே டக் பிடிக்க வேண்டும், அல்லது தனித் துண்டாக்க வேண்டும். எங்களுடையது மேல்துண்டு ஒன்று, பக்கவாட்டு ரெண்டு, பின்னால் ஒன்று என்று நாலு துண்டானது. குறுக்குக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் தையல் முறுக்காமல் வரும்.

உட்காரும் இடத்தில் தையல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். உறுத்தவும் செய்யும், தண்ணீரும் இறங்கும். டயமண்ட் தையல் போயே போய்விட்டது. தையலுக்கு ஒரு சென்டிமீட்டர், அடியில் மடக்க ஆறு சென்டிமீட்டர் விட்டேன். ஆனால் தையல் கோட்டை மட்டும் ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினேன். பிளவுஸுக்கு லூஸ் விடுவோம், இங்கே தலைகீழ், இறுக்கமாக இருந்தால்தான் சுருக்கம் விழாது. ரெக்சினைக் கையால் ரெண்டு பக்கமும் இழுத்துப் பாருங்கள், ஒரு பக்கம் கூடுதலாக இழுபடும். அந்தப் பக்கம் சீட்டின் குறுக்காக வரும்படி வெட்டினேன், மடக்கும்போது சொன்னபடி கேட்டது.

தையலில் என்னைப் போன்றவர்கள் சறுக்கும் இடங்கள் சில. ரெக்சினில் குண்டூசி குத்தாதீர்கள், துணி போல ஓட்டை மூடாது, காலத்துக்கும் நிற்கும். துணி கிளிப் போட்டுப் பிடியுங்கள். ஊசி 18-ஆம் நம்பர். தையல் நீளம் 4 மில்லிமீட்டர். நெருக்கித் தைத்தால் பலம் என்று நினைக்கத் தோன்றும், ரெக்சினில் அது தபால்தலை ஓரம் மாதிரி ஆகிக் கிழிந்துவிடும். கால்மிதி மிஷினில் ரெண்டு மடிப்பு வரை ஓடும், நாலு மடிப்பு சேரும் இடத்தில் காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிரஷர் ஃபுட்டில் ரெக்சின் ஒட்டிக்கொண்டு நகராது. அதன்மேல் செய்தித்தாள் துண்டை வைத்துத் தைத்துவிட்டு, அப்புறம் தாளைக் கிழித்து எடுத்துவிடலாம். பருத்தி நூல் மழையிலும் வியர்வையிலும் மக்கிவிடும், நைலானோ பாலியஸ்டரோதான் வேண்டும்.

மிஷின் ஏறாத பின்மூலையைக் கையால் தைத்தேன். குத்தூசியால் முன்கூட்டியே துளை போட்டு, ஒரே நூலின் ரெண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக வாங்கும் தையல். ஒரு இடத்தில் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். நூலைத் தேன்மெழுகில் ரெண்டு தடவை இழுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் மெழுகுக்குப் பஞ்சமில்லை. மெழுகு பூசிய நூல் சிக்காது, முடிச்சு நழுவாது, துளையையும் கொஞ்சம் அடைக்கும்.

மேல்துண்டும் பக்கத்துண்டும் சேரும் தையலில் உள்மடிப்பைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி, மேலே ஒரு ஓரத்தையல் ஓட்டினேன். ஓடு வேய்ந்த மாதிரி மேலது கீழதன்மேல் படிந்திருந்தால் மழைநீர் வழிந்து போய்விடும். உள்பக்கத்தில் தையல் நீளத்துக்கும் அதே ரப்பர் பசையால் ஒரு ரெக்சின் பட்டியை ஒட்டினேன். இதோடு ஃபோமுக்கும் உறைக்கும் நடுவே ஒரு மெல்லிய பாலித்தீன் தாள். தடித்த தாள் போட்டால் உட்காரும்போதெல்லாம் சரசரக்கும்.

உறையை ஏற்ற உச்சிவெயில் நேரம்தான் சரி. சிமெண்டு முற்றத்தில் கால் மணி போட்டு வைத்தால் ரெக்சின் அப்பளமாவு போல இளகும். முதலில் முன்நடு, அடுத்துப் பின்நடு, அப்புறம் இடம், வலம் என்று மாற்றி மாற்றி நடுவிலிருந்து மூலைக்கு. ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே போனால் தையல்கோடு கோணிவிடும். முதலில் கிளிப்பால் மட்டும் பிடித்து, தள்ளி நின்று பார்த்து, திருப்தியானபிறகே பசையும் ரிவெட்டும். ரிவெட்டுக்கு வாஷர் போடுங்கள், இல்லையென்றால் ரெக்சினைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பிளாஸ்டிக் தட்டுக்கு 6 அல்லது 8 மில்லிமீட்டர் பின் போதும், அதற்கு மேல் நீளமானால் மறுபக்கம் குத்தும், எங்கே குத்தும் என்று சொல்ல வேண்டாம். பின் துருப்பிடிக்காத ஸ்டீலாக இருக்கட்டும், நம் கடல்காற்றில் சாதாரணப் பின் ஒரு மழைக்காலம் தாங்காது. கையால் அழுத்துகிற ஸ்டேப்ளர் கன் கெட்டிப் பிளாஸ்டிக்கில் இறங்காமல் மடங்கினால் மல்லுக்கட்டாதீர்கள். கார் சீட்டு தைக்கும் கடையில் காற்றுத் துப்பாக்கி இருக்கும், அந்த ஒரு வேலையை மட்டும் அங்கே கொடுத்துவிடலாம்.

மாட்டியபின் ரெண்டு கையாலும் சீட்டைத் தூக்கிப் பாருங்கள், ஆடக் கூடாது. ரெண்டு பேர் உட்கார்ந்து குதித்து, பின்டயர் எங்காவது தொடுகிறதா என்று மூன்றாம் ஆள் குனிந்து பார்க்கட்டும். சட்டமும் கொஞ்சம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சி புத்தகத்தில் உள்ள விவரம் கம்பெனி முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. ஃபோமும் உறையும் மாற்றுவது வேறு, பின்சீட்டை வெட்டி எறிந்துவிட்டு ஒற்றைச் சீட்டாக்குவது வேறு. பின்னால் ஆள் ஏற்றினால் சரியாகப் பொருத்திய இருக்கை வேண்டும், கைப்பிடியும் கால்மிதியும் பின்சக்கரத்தைப் பாதியாவது மூடும் காப்பும் வேண்டும். அழகுக்காக அந்தச் சேலைக் கம்பியைக் கழற்றுகிறவர்கள் பின்னால் உட்காருகிறவளையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. முட்டம், கன்னியாகுமரி பக்கம் போய்வந்தால் நல்ல தண்ணீர்த் துணியால் துடைக்கிறேன். டயருக்குப் போடும் பாலிஷ், தேங்காய் எண்ணெய் எதுவும் சீட்டில் தேய்க்காதீர்கள். பளபளக்கும், அப்படியே வழுக்கியும் விடும்.

ஒரு மழைக்காலம் போயிற்று. கார்த்திகையில் ஒரு மூலையில் ஒரு ரிவெட்டைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன், ஃபோம் காய்ந்திருந்தது. என்னுடைய பின்சீட்டு ஆப்பு மட்டும் இன்னும் அரை விரல் கூடுதலாக வேண்டும், ஆரல்வாய்மொழிக் காற்றில் போகும்போது அது தெரிகிறது. கொழுந்தன் போன வாரம் வீடியோ காலில் வண்டியைக் காட்டச் சொன்னான். காட்டினேன். “மைனி, அந்த டயமண்ட் எங்க?” என்றுதான் முதலில் கேட்டான். அடுத்த லீவுக்கு வந்ததும் அட்டைப்பெட்டியில் ரெண்டு நிமிஷம் உட்கார வேண்டும், அளவெடுக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.